சிவப்பில் ஒரு எண்: 1:180

கர்ப்ப காலப் பரிசோதனையில் ‘டவுன் சிண்ட்ரோம் - ஹை ரிஸ்க்’ என்று வந்தால் அடுத்து என்ன? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வழித்துணை

பாபநாசத்துக்குப் பக்கத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கிறது திருக்கருகாவூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். வேதிகை என்ற பெண்ணின் கரு, முனிவர் ஒருவரின் சாபத்தால் கலைந்தபோது, அம்மன் அதைக் குடத்தில் வைத்துக் காப்பாற்றிப் பிள்ளையாக்கிக் கொடுத்தாள் என்பது தலபுராணம். அதனால்தான் அம்மனுக்குக் கர்ப்பரட்சாம்பிகை என்று பெயர். பிள்ளை வரம் வேண்டுவோருக்கு இங்கே நெய்ப் பிரசாதம். சுகப்பிரசவம் வேண்டுவோருக்கு விளக்கெண்ணெய், வயிற்றில் தடவிக்கொள்ள.

டெல்டாவில் மாசமாக இருக்கும் பெண்கள் பலர் இந்தச் சன்னிதிக்கு ஒரு முறையாவது வந்துவிடுவார்கள். அதே பெண்கள் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்கும் போய் வருகிறார்கள். ஒரு கையில் எண்ணெய்ப் பாட்டில், இன்னொரு கையில் ஸ்கேன் சென்டர் பெயர் அச்சடித்த பாலிதீன் கவர். அந்தக் கவருக்குள் இருக்கும் ஒரே ஒரு தாளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 28. தலைச்சன் கர்ப்பம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. பன்னிரண்டாவது வாரத்தில் என்.டி. ஸ்கேனும் ‘டபுள் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள், லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது.

மேலே பெயர், வயது, எடை, கடைசி மாதவிலக்குத் தேதி. அடுத்து ஸ்கேன் அளவுகள்: கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை நீளம் 62 மில்லிமீட்டர், பின்கழுத்தில் தோலுக்கடியில் தேங்கியிருக்கும் நீரின் பருமன் 1.6 மில்லிமீட்டர். அதற்குக் கீழே பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்று நஞ்சுக்கொடி சுரக்கும் இரண்டு பொருட்களின் அளவு. பிறகு ஒரு வரைபடம். வயது ஏற ஏற மேலே வளைந்து போகும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தனியாக ஒரு புள்ளி. கடைசி வரி சிவப்பு எழுத்தில்: டிரைசோமி 21, ரிஸ்க் 1:180, ஸ்கிரீன் பாசிட்டிவ்.

கணவருக்கு ஃபார்வர்ட் ஆகிறது. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

கொரோனா காலத்தில் அந்தச் சொல்லை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். அங்கே பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. 1:180 என்றால், இதே எண் வந்த 180 பெண்களைத் திருக்கருகாவூர்ப் பிராகாரத்தில் வரிசையாக நிற்க வைத்தால், அவர்களில் ஒருவர் வயிற்றில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை இருக்கலாம். மற்ற 179 பேருக்கு அது இருக்காது. சதவீதக் கணக்கில் சொன்னால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

அப்படியானால் ஏன் ‘ஹை ரிஸ்க்’ என்கிறார்கள்? 250-ல் ஒன்று என்ற அளவை ஒரு கோடாகப் பல லேப்கள் வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் ஹை ரிஸ்க். அடுத்த சோதனைக்குப் போவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

பத்தாயிரம் பேரில் எத்தனை பேர்?

டவுன் சிண்ட்ரோம் என்பது குரோமோசோம் கணக்கில் வரும் ஒரு மாற்றம். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. ரிப்போர்ட்டில் இருந்த ‘டிரைசோமி 21’ இதுதான். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-ல் இதன் அடையாளங்களைத் தொகுத்து எழுதினார். காரணம் அந்தக் கூடுதல் குரோமோசோம்தான் என்று பிரான்சில் 1959-ல் கண்டுபிடித்தார்கள். மார்ச் 21-ஐ உலக டவுன் சிண்ட்ரோம் தினமாக ஐ.நா. கடைப்பிடிப்பதும் இதனால்தான்: மூன்றாம் மாதம், 21-ம் தேதி.

தோராயமாக 800 பிறப்புகளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் கர்ப்பிணிகளில் 12 பேருக்கு இப்படிப்பட்ட குழந்தை இருக்கும். 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனும் ரத்தச் சோதனையும் சேர்ந்து அவர்களில் 10 பேரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தப் பத்துப் பேரைப் பிடிப்பதற்காக, பிரச்சினை எதுவும் இல்லாத சுமார் 500 பேருக்கும் சிவப்பு எழுத்து வரும். அந்தச் சோதனையின் அமைப்பே அப்படி. ஹை ரிஸ்க் தாளோடு அழுதுகொண்டு வெளியே வருகிறவர்களில் ஐம்பதுக்கு ஒருவருக்குத்தான் அது உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 12 பேரில் இரண்டு பேருக்கு ‘லோ ரிஸ்க்’ என்று வந்திருக்கும். பச்சை எழுத்தும் முழு உத்தரவாதம் தராது.

வயது முக்கியமா? முக்கியம்தான். 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,300-ல் ஒன்று, 30-ல் 900-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று என்று வாய்ப்பு ஏறுகிறது. ஆனால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். அந்த வயதில்தான் அதிகம் பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்பதே காரணம். ‘சின்ன வயசுதானே, எதுக்கு டெஸ்ட்டு?’ என்ற பேச்சு அதனால் செல்லாது.

ஆடிப்பெருக்கு கழித்து மூன்றாம் நாள்

அந்த எண்ணை ஒரு கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. தாயின் வயதில் தொடங்கி, ஸ்கேன் அளவையும் ரத்த அளவையும் வைத்துப் பெருக்கிக்கொண்டே போகும். அதற்குள் போகும் விவரம் தப்பாக இருந்தால் விடையும் தப்பாகத்தான் வரும்.

நம் பக்கத்தில் கடைசி மாதவிலக்கைப் பல பெண்கள் தேதியாகச் சொல்வதில்லை. ‘ஆடிப்பெருக்கு கழிச்சு மூணாம் நாள்’, ‘சம்பா நடவு முடிஞ்ச வாரம்’ என்றுதான் நினைவு இருக்கும். அதை லேப்பில் ஒருவர் ஆங்கிலத் தேதியாக்கிப் பதிகிறார். ஒரு வாரம் முன்பின் ஆனாலே ரத்த அளவுகளின் பொருள் மாறிவிடும். எடை, சர்க்கரை நோய், இரட்டைக் கர்ப்பம், செயற்கைக் கருத்தரிப்பு என்று எல்லாமே கணக்கைப் பாதிக்கும். கருமுட்டை தானம் பெற்றிருந்தால், தானம் கொடுத்தவரின் வயதைத்தான் போட வேண்டும்.

எனவே சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: ரிப்போர்ட்டின் மேல்பாதியைப் படியுங்கள். வயது, எடை, வாரக் கணக்கு சரியா? கர்ப்ப வாரம் ஸ்கேன் அளவை வைத்துப் போடப்பட்டிருக்கிறதா, வாய்வழியாகச் சொன்ன தேதியை வைத்தா?

அந்த ஸ்கேனும் எல்லோரும் எடுக்கக்கூடியது இல்லை. பின்கழுத்து நீர் அளவை லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் கிப்ரோஸ் நிகோலைடஸ் குழு 1992-ல் எழுதிய ஆய்வுதான் உலகம் முழுதும் கொண்டுபோனது. கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, குழந்தை சரியான கோணத்தில் படுத்திருக்கும்போது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்றவர் எடுத்ததுதானா என்று கேட்பதில் தவறே இல்லை.

‘யார் வீட்டு ரத்தம்?’

ரிப்போர்ட் வந்த அன்று இரவே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியே போனாயா? பப்பாளி தின்றாயா? ஸ்கூட்டியில் எதற்குப் போனாய்? உங்கள் வீட்டில் இப்படி யாராவது உண்டா? அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால்தானோ?

இவற்றில் எதுவும் காரணம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்கு அது கருமுட்டையோ, அரிதாக விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போனதால் வருவது. தாய் சாப்பிட்டதோ, போனதோ, பார்த்ததோ அதை உண்டாக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. அதனால் கூடும் மரபு நோய்கள் வேறு. டவுன் சிண்ட்ரோமை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது.

100-க்கு 3, 4 பேருக்கு மட்டும் 21-ம் குரோமோசோமின் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அப்போதுதான் கணவன் மனைவி இருவருக்கும் ரத்தச் சோதனை தேவை. கவனியுங்கள், இருவருக்கும்.

அடுத்த படி எது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னும் துல்லியமான ரத்தச் சோதனை. இன்னொன்று, உறுதியான விடை தரும் ஊசிச் சோதனை.

ரத்தச் சோதனைக்கு என்.ஐ.பி.டி. என்று பெயர். கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ 1997-ல் கண்டறிந்தார். 2011 முதல் அது வணிகச் சோதனையாகக் கிடைக்கிறது. பத்தாவது வாரம் முடிந்ததும் எடுக்கலாம். 100 டவுன் சிண்ட்ரோம் கருக்களில் 99-ஐக் கண்டுபிடிக்கும். தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்று அளவுதான். நெகட்டிவ் வந்தால் பெரும்பாலோர் நிம்மதியாகப் படுக்கலாம்.

பாசிட்டிவ் வந்தால் மட்டும் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துணுக்குகள் உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. 1:180 என்று வந்த பெண்களில் நூறு பேருக்கு என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் ஆனால், கணக்குப்படி பதினைந்து பேருக்கு அது பொய்யாக இருக்கும். இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு கருவைக் கலைப்பது, நல்ல கருவைக் கலைப்பதாகவும் முடியலாம். விலையும் லேசானதில்லை. பத்தாயிரத்துக்கு மேலே போகும் சோதனை இது. அறுப்புக் காசு கைக்கு வராத மாதத்தில் அது பெரிய தொகை.

உறுதியான விடைக்குப் பனிக்குட நீர்ச் சோதனை. 15 வாரம் நிறைந்த பிறகு, ஸ்கேன் திரையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியை வயிற்றின் வழியே செலுத்தி, 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள். சில நிமிட வேலை. கரு கலையும் அபாயம் நூறில் ஒன்று என்று முன்பு சொல்வார்கள். இப்போது, பழகிய கையில், 200-ல் ஒன்றுக்கும் குறைவு. நெகட்டிவ் ரத்தப் பிரிவுப் பெண்களுக்கு ‘ஆன்டி-டி’ ஊசியும் போட வேண்டும். டாக்டரிடம் ரத்தப் பிரிவை நினைவூட்டுங்கள். அவசர முடிவு இரண்டு மூன்று நாளில் வரும். முழு குரோமோசோம் அறிக்கைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்னும் முன்னதாக வேண்டுமென்றால், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு.

பின்கழுத்து நீர் அளவு 3.5 மில்லிமீட்டருக்கு மேலே இருந்தாலோ, ஸ்கேனில் வேறு குறை தெரிந்தாலோ என்.ஐ.பி.டி.க்குக் காசைச் செலவழிக்காமல் நேரே ஊசிச் சோதனை பற்றிப் பேசுவதே மேல். அப்படிப்பட்ட கருக்களில் என்.ஐ.பி.டி. பார்க்காத வேறு கோளாறுகளும் இருக்கக்கூடும்.

மூன்று மாதம் மறைத்தால்

டெல்டாவில் உண்மையான சிக்கல் காலண்டரில் இருக்கிறது.

‘மூணு மாசம் நிறையட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்’ என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். கண் பட்டுவிடும் என்ற பயம். கிராம சுகாதார செவிலியரிடம் பதிவதும் கர்ப்பப் பதிவுக்கான ‘பிக்மி’ எண் வாங்குவதும் தள்ளிப்போகிறது. முதல் ஸ்கேனுக்குப் போகும்போது 14 வாரம் தாண்டியிருக்கும். டபுள் மார்க்கருக்கான ஜன்னல் 13 வாரம் 6 நாளோடு மூடிவிடுகிறது.

அடுத்தது நான்கு பொருட்களை அளக்கும் ‘குவாட்ருப்பிள்’ சோதனை. 15 வாரத்துக்கு மேல் எடுக்கலாம். துல்லியம் கொஞ்சம் குறைவு. ஐந்தாம் மாத ஸ்கேன் அன்றைக்கே அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் 19 வாரத்தில் ஹை ரிஸ்க் என்று தெரியும். பனிக்குட நீர் எடுக்கத் திருச்சிக்கோ சென்னைக்கோ நாள் குறித்துப் போவதற்குள் 20, 21. முழு அறிக்கை கைக்கு வரும்போது 23.

இதில் சட்டம் வந்து நிற்கிறது. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்களின் கருத்து தேவை. பிறக்கும் குழந்தை கடுமையான உடல், மனக் குறைபாட்டோடு இருக்கும் என்ற நிலை அந்தப் பிரிவுகளில் ஒன்று. 24 வாரத்துக்குப் பிறகு, கருவில் கணிசமான குறை இருப்பதாக மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு சொன்னால்தான் முடியும். வயது வந்த பெண்ணுக்கு அவர் ஒருவரின் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

திருத்தத்துக்கு முன்பு எல்லை 20 வாரமாக இருந்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 37 வயதுப் பெண் ஒருவர், கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்து உச்ச நீதிமன்றம் போனார். அப்போது 26 வாரம். தாயின் உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவக் குழு சொன்னதை வைத்து, 2017 பிப்ரவரி 28-ம் தேதி நீதிமன்றம் அனுமதி மறுத்தது. இந்தக் குழந்தைகள் அறிவில் பின்தங்கினாலும் நல்ல மனிதர்களே என்ற பொருளில் நீதிபதிகள் பேசியது அப்போது நாடு முழுக்க விவாதமானது. ஒரு பக்கம், சுமக்கப்போவது யார், வளர்க்கப்போவது யார் என்ற கேள்வி. இன்னொரு பக்கம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், ‘எங்கள் பிள்ளை பிறந்திருக்கவே கூடாதா?’ என்று கேட்ட கேள்வி. இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

டென்மார்க்கில் 2004 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அரசே டவுன் சிண்ட்ரோம் சோதனையை முன்வைக்கிறது. உறுதியானவர்களில் மிகப் பெரும்பாலோர் கருக்கலைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வாரங்கள் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. பன்னிரண்டாவது வாரத்தில் ரிப்போர்ட் வந்த ஒரத்தநாட்டுப் பெண்ணுக்கு யோசிக்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. 19-வது வாரத்தில் வந்த பெண்ணுக்கு நாட்கள்தான்.

குழந்தை பிறந்தால்

சோதனை உறுதியாகி, பெற்றுக்கொள்வது என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் என்ன காத்திருக்கிறது? இதைச் சொல்லாமல் முடிவு மட்டும் கேட்கும் டாக்டர் பாதி வேலைதான் செய்கிறார்.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். கர்ப்பத்திலேயே, 20 வாரத்தை ஒட்டி, கருவின் இதயத்துக்கென்று தனி ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்தால், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும். மிராசுதார்களின் நன்கொடையில் 19-ம் நூற்றாண்டில் எழுந்த தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனைதான் இன்று மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, குழந்தைகள் பிரிவு. திருவாரூர், நாகை, புதுக்கோட்டை, அரியலூரிலிருந்தெல்லாம் அங்கேதான் வருகிறார்கள். குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது.

அந்த அறுவைச் சிகிச்சைதான் இவர்களின் ஆயுளை மாற்றியது. அமெரிக்காவில் 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25. இன்று ஏறத்தாழ 60.

தசைகள் தளர்வாக இருப்பதால் பால் குடிக்கத் தடுமாறும். நடக்கச் சராசரியாக இரண்டு வயதாகும். பேச்சு இன்னும் தாமதம். தைராய்டையும் காதையும் கண்ணையும் தவறாமல் பார்க்க வேண்டும். பிறந்த சில வாரங்களிலேயே இயன்முறைப் பயிற்சியும் பிறகு பேச்சுப் பயிற்சியும் தொடங்கினால் கண்கூடாக வித்தியாசம் தெரியும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கவனிக்கும் 30 நிலைகளில் டவுன் சிண்ட்ரோமும் ஒன்று. அதற்கான ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்கள் மாவட்ட அளவில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே விவரம் கேட்கலாம்.

அறிவுசார் குறைபாடு 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 பிரிவுகளில் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை வாங்கினால் மற்ற கதவுகள் திறக்கும்: தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு, 18 வயது வரை இலவசக் கல்வி.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பெற்றோர்கள் கூடும் இடத்தில் எல்லாம் அது வரும்: ‘எங்களுக்கு அப்புறம் யாரு?’ 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டரை உள்ளடக்கிய மாவட்டக் குழு, 18 வயது கடந்த இவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று வாய்வார்த்தையில் விட்டுவிட்டு, நிலத்தையும் அவன் பெயருக்கே எழுதி வைக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை டாக்டர் சுரேகா ராமச்சந்திரன் தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று அறிந்தது, இந்தியாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆளில்லாத காலத்தில். அவரே படித்து, மற்றப் பெற்றோர்களைச் சேர்த்து உருவாக்கியதுதான் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. புதிதாக ரிப்போர்ட் வாங்கிய குடும்பம் இப்படிப்பட்ட பெற்றோர் அமைப்போடு ஒரு முறை பேசினாலே பாதிக் குழப்பம் தீரும். கோழிக்கோட்டைச் சேர்ந்த டவுன் சிண்ட்ரோம் உள்ள நடிகர் கோபிகிருஷ்ணன் வர்மா, ‘திரிகே’ என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். 2025-ல் ஆமிர் கானின் ‘சிதாரே ஜமீன் பர்’ படத்திலும் வந்தார். எல்லாக் குழந்தையும் அப்படி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சிலர் கடை வைத்து நடத்துவார்கள். சிலருக்குச் சட்டைப் பித்தான் போடவே வாழ்நாளெல்லாம் உதவி வேண்டியிருக்கும். எந்த ரத்தச் சோதனையும் எந்த ஊசியும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

காத்திருக்கும் நாட்கள்

ஊசி போட்டு முடிவு வரும் வரையிலான நாட்கள்தான் கொடுமையானவை. ஐந்தாம் மாதப் பூச்சூட்டலுக்குச் சொல்லியனுப்புவதா வேண்டாமா? வளையல் அடுக்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது? பேச்சு கிளம்பினால் ஊரே வந்து துக்கம் விசாரிக்கும்.

சில காரியங்கள் கைகொடுக்கும். விஷயத்தை இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளலாம். கணவர் வெளிநாட்டில் என்றால், டாக்டர் பேசும்போது வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு மனைவியைக் குடைய வேண்டியிருக்காது. இரும்புச்சத்து மாத்திரையையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. யூடியூப் வைத்தியர்களை ஒதுக்கி வைக்கலாம். விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளலாம், அதற்காக ஊசிக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்கம் வராமல், அழுகை நிற்காமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவும் மருத்துவப் பிரச்சினைதான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. வாரக் கணக்கு ஸ்கேன்படி போடப்பட்டதா? வயதும் எடையும் சரியா?
2. ரிஸ்க் எதனால் ஏறியது: வயதாலா, ரத்த அளவாலா, பின்கழுத்து நீராலா?
3. எங்களுக்கு என்.ஐ.பி.டி. போதுமா, நேரே பனிக்குட நீர்ச் சோதனையா? ஏன்?
4. அந்தச் சோதனையை எடுப்பவர் யார்? முடிவு எந்தத் தேதியில் வரும்? அன்று எத்தனை வாரம் ஆகியிருக்கும்?
5. இதயத்துக்கான ஸ்கேன் எப்போது?
6. முடிவு எதுவானாலும், குரோமோசோம் பற்றி விளக்கும் மரபியல் ஆலோசகரிடம் அனுப்புவீர்களா?

ஒரு கையெழுத்து

பனிக்குட நீர் அறிக்கையில் ஆணா பெண்ணா என்பது மறைக்கப்பட்டிருக்கும். 1994-ம் வருட பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி அதைச் சொல்வதும் கேட்பதும் குற்றம். குரோமோசோம் கோளாறைக் கண்டறிய இந்தச் சோதனையை அனுமதிப்பதும் அதே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு பலர் கவனிக்காத மூன்று காரியங்களைச் சொல்கிறது. சோதனையால் வரக்கூடிய பக்க விளைவுகளைக் கர்ப்பிணியிடம் விளக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும். அந்தச் சம்மதத்தின் ஒரு நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

நீங்கள் ஒரத்தநாட்டுப் பெண்ணானாலும் பேராவூரணிப் பெண்ணானாலும், ஊசிக்கு முன்பு மேஜை மேல் ஆங்கிலப் படிவம் ஒன்றை வைத்து ‘இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று சொன்னால், தமிழ்ப் படிவம் கேளுங்கள். படித்துப் பார்த்துப் போடுங்கள். நகலை வாங்கி அந்தப் பாலிதீன் கவருக்குள் வையுங்கள்.